பி.டி. பீரியடைக் கடன் வாங்கியவன் எழுதுகிறேன்

இது நீளமான பதிவு. பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கிய பிறகு படியுங்கள். பி.டி. வாத்தியாராகவோ கோச்சாகவோ இருப்பவர்களும், பிள்ளையை ஃபுட்பால் கோச்சிங்குக்கு அனுப்புகிறவர்களும் கடைசி வரை படித்தே ஆக வேண்டும். பாதியில் "அருமை சார்" என்று போட்டுவிட்டு நழுவுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பரீட்சையிலும் நீங்கள் அப்படித்தான்.

விஷயம் என் அண்ணன் பேத்தியில் தொடங்குகிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் நடந்த சண்டை சொந்தக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாப்பாவுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. பந்து அவள் காலுக்கு வந்துவிட்டால் பிறகு லேசில் வேறு காலுக்குப் போகாது. தாத்தா என்பதால் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் நாற்பது வருஷம் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்தவன் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் 14 வயதுக்கு உட்பட்டோர் அணியில் இருக்கிறாள். ஆள் போதவில்லை என்று 17 வயதுக்கு உட்பட்டோர் அணியிலும் இறக்கிவிடுகிறார்கள். இரண்டு மாதமாக முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில், முண்டு மாதிரி புடைத்திருக்கிறது. தொட்டால் வலி. மாடிப்படி ஏறினால் வலி. முட்டுப் போட்டு உட்கார முடியவில்லை. அடுத்த மாதம் செலக்‌ஷன்.

அவள் அப்பா, அதாவது என் அண்ணன் மகன், குரூப்பில் எழுதினான்: "ஸ்பிரே அடிச்சு நீ கேப் போட்டா ஓடிருவா சித்தப்பா. செலக்‌ஷன் வருஷத்துக்கு ஒரு தடவதான்." எங்கள் மதினி அதற்கு நேர் எதிர். வாய்ஸ் மெசேஜில், "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இந்த விளையாட்டு? மெட்ராஸ்ல அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேல்லா?" இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு வரி போட்டேன். ஆறு வாரம் ஓட்டமும் குதிப்பும் வேண்டாம், இந்தச் செலக்‌ஷனை விடுங்கள், விளையாட்டை விடாதீர்கள் என்று. உடனே ஒரு மருமகப்பிள்ளை எழுதினார்: "மாமா கணக்கு வாத்தியார்தான, டாக்டர் இல்லையே."

டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. அவர் சொன்னதும் இதுதான். ஆனால் "பயப்படும்படி ஒண்ணுமில்ல" என்று அவர் ஆரம்பித்த முதல் வரியோடு அண்ணன் மகன் காதை மூடிக்கொண்டான். "ஓய்வு வேணும்" என்ற இரண்டாவது வரி அவனுக்குக் கேட்கவில்லை.

சரி. கணக்கு வாத்தியாராகவே பேசுகிறேன்.

பாப்பா காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். 9 மணி நேரம். சாயங்காலம் டர்ஃபில் கோச்சிங், மூன்று நாள், ஒன்றரை மணி நேரம் வீதம் நாலரை. ஞாயிற்றுக்கிழமை மேட்ச், சூடேற்றுவது எல்லாம் சேர்த்து இரண்டரை. கூட்டினால் 16. விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஒரு எளிய வாய்பாடு இருக்கிறது: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறையான பயிற்சியும் போட்டியும் வேண்டாம். 12 வயதுப் பிள்ளை 16 மணி நேரம். இதற்கு என்னத்துக்கு டாக்டர் பட்டம்? மூன்றாம் வகுப்புக் கணக்கு.

அந்த முண்டுக்குப் பெயர் ஆஸ்குட் ஷ்லாட்டர். 1903-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டரும் சுவிட்சர்லாந்தில் ஒரு டாக்டரும் தனித்தனியாக எழுதி வைத்தது, இரண்டு பேர் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. வளர்கிற வயதில் எலும்பு சடசடவென்று நீளும். தசை அந்த வேகத்துக்கு நீளாது. முன்தொடைத் தசை முழங்கால் சிப்பி வழியாக இறங்கி, கீழே கணுக்கால் பக்கம் போகிற பெரிய எலும்பின் தலையில் ஒட்டுகிறது. அந்த இடம் இந்த வயதில் இன்னும் கெட்டிப்படாத எலும்பு. ஒவ்வொரு உதைக்கும், ஒவ்வொரு குதிப்புக்கும் தசை அதை இழுக்கிறது. இழுத்து இழுத்து அந்த இடம் வீங்குகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர்ச்சி முடிந்ததும் தானாக அடங்கிவிடும், சுமையைக் குறைத்தால். குறைக்காமல் ஸ்பிரே அடித்தால் அடங்குமா? ஸ்பிரே தோலைக் குளிரவைக்கும், வலியை மறக்கடிக்கும். இழுப்பு அப்படியே இருக்கும்.

எங்கள் வீட்டுச் சண்டையோடு நின்றிருந்தால் இதை முகநூலில் எழுதியிருக்க மாட்டேன். எழுதக் காரணம் வேறு. சொல்ல முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

1995. நான் அப்போது அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பி.டி. சார். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு. பத்தாம் வகுப்புக்கு ஜூலையிலிருந்தே அந்த இரண்டையும் நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். "சார், நிகழ்தகவு முடியல, இந்த வாரம் மட்டும்" என்பேன். எல்லா வாரமும் இந்த வாரம்தான். அந்த சார் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். ரிசல்ட் நன்றாக வந்தது. தலைமையாசிரியர் பாராட்டினார். எனக்கு ஒரு கடிகாரம்கூடக் கொடுத்தார்கள்.

அதே பிள்ளைகள் போட்டி வந்தபோது பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குப் போனார்கள். ஜூலையிலிருந்து ஒழுங்காக ஓடாத கால்கள். காலையில் ஒரு ஆட்டம், சாயங்காலம் ஒரு ஆட்டம். பி.டி. சாருக்கு அன்றைக்கு வேறு டியூட்டி போட்டுவிட்டார்கள். பொறுப்பாசிரியர் நான். காலை ஆட்டம் முடிந்ததும் எங்கள் சென்டர் ஃபார்வர்டுக்கு இடது முழங்கால் வீங்கியிருந்தது. சர்பத் கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் கட்டி வைத்தோம். சாயங்காலம் ஆட்டத்துக்கு முன் நான் கேட்டேன்: "ஆட முடியுமால?"

"முடியும் சார்."

16 வயதுப் பையன் வாத்தியாரிடம் வேறு என்ன சொல்வான்? கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது. "உட்காருல" என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரர் ஒருவர் ஸ்பிரே வைத்திருந்தார், அடித்து இறக்கினோம். இரண்டாவது பாதியில் தலையால் முட்டக் குதித்தான். யாரும் அவனைத் தொடவில்லை. இறங்கும்போது முட்டு உள்பக்கமாக மடங்கியது. விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாகப் பக்கத்தில் நின்ற பையன் சொன்னான்.

வைத்தியசாலையில் எண்ணெய்க் கட்டு போட்டு நாற்பது நாள் கிடந்தான். எலும்பு விலகலுக்கு அந்தக் கட்டு எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. அறுந்த ஜவ்வுக்கு எந்த எண்ணெயும் ஒட்டுப்போடாது. அவனுக்கு அறுந்தது முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன்பக்க ஜவ்வு, டாக்டர்கள் ஏ.சி.எல். என்பார்கள். அது பல வருஷம் கழித்து ஸ்கேனில்தான் தெரிந்தது. போலீஸ் ஆக வேண்டும் என்று இருந்தவன். உடல்தகுதித் தேர்வில் ஓட்டத்தில் விழுந்தான். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கிளட்ச் மிதிக்கிற கால்தான் அந்தக் கால். கல்யாண வீட்டுப் பந்தியில் சம்மணம் போட முடியாமல் நாற்காலி கேட்பான். போன வாரம் போனில் பேசினேன், எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். பேர மட்டும் போடாதீங்க. எம் மவன் இப்ப ஆடுதான்" என்றான்.

ஸ்பிரே அடித்து இறக்கினவர்கள் அன்றைக்கும் வில்லன்கள் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நல்ல மனுஷர்கள் பிள்ளை மேல் பாசத்தோடு செய்கிற காரியம் இது.

உலகத்திலேயே பணக்கார விளையாட்டிலும் இதே கதைதான். 2025 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டு அணிக்கு ஆடப் போன லாமின் யமாலுக்கு 18 வயது. வலியோடு போனான், வலி மாத்திரை கொடுத்து ஆட வைத்தார்கள் என்று பார்சிலோனா கோச் ஹான்சி ஃபிளிக் பத்திரிகையாளர்கள் முன்னால் கொதித்தார். ஸ்பெயின் குறைந்தது மூன்று கோல் முன்னால் இருந்த ஆட்டங்களிலும் பையனை வெளியே எடுக்க நேரமாகியிருக்கிறது. அதே பார்சிலோனா யோக்கியமா? 2020-21 சீசனில் பெட்ரி என்ற பையன் கிளப்புக்கும் நாட்டுக்குமாகச் சேர்த்து 73 ஆட்டம் ஆடினான். யூரோ கோப்பை முடிந்த கையோடு டோக்கியோ ஒலிம்பிக்ஸ். 18 வயது. அடுத்த சீசனில் தொடைத் தசை மறுபடி மறுபடி கிழிந்து உட்கார்ந்தான். அன்சு ஃபாட்டி 18 வயதில் முழங்கால் அறுவை சிகிச்சை என்று படுத்தவன், பழைய ஆட்டக்காரனாகத் திரும்பவே இல்லை. காவிக்கு 19 வயதில் ஏ.சி.எல். போனது. ஜூட் பெல்லிங்காம் 21 வயதுக்குள் 250-க்கு மேல் ஆட்டம் ஆடிவிட்டான். பெக்காம் அந்த வயதில் ஆடியதில் நாலில் ஒரு பங்குகூட வராது.

ஆனால் அங்கே எண்ணுகிறார்கள். எனக்கு அதுதான் பொறாமை. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் 2001-லிருந்து ஒவ்வொரு காயத்தையும் எழுதி வைத்து வந்திருக்கிறார்கள். பின்தொடைத் தசைக் காயம் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்தது, 21 சீசனில் 24 சதவீதம் ஆகிவிட்டது என்று அந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடிகிறது. எழுதி வைத்ததால்தான் தெரிந்தது, தெரிந்ததால்தான் ஆட்டக்காரர்கள் சங்கம் ஆட்டங்களைக் குறை என்று சண்டை போடுகிறது. நம் பள்ளிக்கூடங்களில் சாக்பீஸுக்குப் பதிவேடு உண்டு. சைக்கிளுக்கு, செருப்புக்கு, ஜியோமெட்ரி பாக்ஸுக்குப் பதிவேடு உண்டு. நான் 33 வருஷம் வேலை பார்த்தேன். மைதானத்தில் விழுந்த பிள்ளையை எழுதி வைக்கிற பதிவேடு ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. கோப்பையை மட்டும் அலமாரியில் தூசி தட்டி அடுக்கி வைப்போம்.

இப்போது மதினி சொன்ன மெட்ராஸ் பிள்ளைக்கு வருகிறேன். வியாசர்பாடி பிரியா. 17 வயது, ராணி மேரிக் கல்லூரியில் முதலாம் ஆண்டு, கால்பந்து வீராங்கனை. முழங்கால் ஜவ்வுக் காயத்துக்கு 2022 நவம்பர் 7-ம் தேதி சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் துளைவழி அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பின் போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றுபோனது. ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கு மாற்றிக் காலையே எடுத்தார்கள். 15-ம் தேதி காலையில் இறந்துபோனாள். கவனக்குறைவு என்று சுகாதாரத் துறை அமைச்சரே ஒப்புக்கொண்டார். டாக்டர்கள் இரண்டு பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். முதலமைச்சர் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லி நிதி கொடுத்தார்.

அந்த வாரம் தமிழ்நாடே அழுதது. மதினி, நீங்களும் அழுதீர்கள், நானும் அழுதேன். ஆனால் அந்தச் சாவிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடத்தைப் பாருங்கள். ஒரு கூட்டம், அரசு ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்றது. இன்னொரு கூட்டம், பெண் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பாதே என்றது. பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வராமல் இருக்க மைதானத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனை பேர் கேட்டோம்? கட்டு இறுகியது ஒரு மருத்துவமனையின் தவறு. ஜவ்வு கிழிவது ஊர் ஊராக நடக்கிறது, அதற்குச் சஸ்பெண்ட் ஆனவர் யாரும் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். அறுவது பையன்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இடுப்பு அமைப்பு, குதித்து இறங்கும்போது முட்டு உள்ளே மடங்குவது, தொடைத் தசையின் பலம் என்று பல காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுகிற இன்னொரு காரணம், பையன் மூன்று வயதிலிருந்து தெருவில் குதிக்கிறான், பெண் பிள்ளையை 12 வயதில் ஒரே நாளில் மைதானத்தில் இறக்குகிறோம். 2023 மகளிர் உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து கேப்டன் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் மீடெமா எல்லோரும் இந்த ஒரே ஜவ்வால் போக முடியவில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த ரத்தத்தோடு, காலையில் ஒரு டீயும் பன்னும் தின்றுவிட்டு இரண்டு மேட்ச் ஆடுகிற பிள்ளைகளும் நம் மைதானத்தில் இருக்கிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் ஓசியில் என்றால் நம்புவீர்களா? ஃபிஃபா 11+ என்று ஒரு பயிற்சி முறை, 2006-ல் வந்தது. 20 நிமிஷம், 15 பயிற்சி. எட்டு நிமிஷம் மெதுஓட்டம், பத்து நிமிஷம் வயிறு, தொடை, ஒற்றைக்கால் நிலை, குதித்து இறங்குவது, கடைசி இரண்டு நிமிஷம் வேக ஓட்டம். ஒருவன் முட்டுப் போட்டு நிற்க, இன்னொருவன் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மெல்ல முன்னால் சாய்வது ஒன்று. அது பின்தொடைக்கு. குதித்து இறங்கும்போது முட்டு பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று எதிரில் நிற்பவன் பார்த்துச் சொல்வது ஒன்று. மெஷின் வேண்டாம், ஜிம் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள் 1,800-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்து 2008-ல் எழுதினார்கள். செய்தவர்களுக்குக் காயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, கடுமையான காயம் கிட்டத்தட்டப் பாதி. ஸ்வீடனில் 4,500 பெண் பிள்ளைகளிடம் இதே மாதிரி இன்னொரு பயிற்சி, வாரத்துக்கு இரண்டு தடவை, கால் மணி நேரம். ஏ.சி.எல். காயம் 64 சதவீதம் குறைந்தது என்று 2012-ல் வெளியிட்டார்கள்.

கால் மணி நேரம். நான் கடன் வாங்கின ஒரு பீரியடில் இதை மூன்று தடவை செய்திருக்கலாம்.

காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்தில் மே மாதம் நடக்கிற அகில இந்தியப் போட்டிக்கு நான் பல வருஷம் போயிருக்கிறேன். நம் ஆறு கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு கால்பந்து ஊர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே வெளியூர் அணிகள் ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க உடம்பைத் தயார் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்? வேனிலிருந்து இறங்குவார்கள், ஜெர்சி மாற்றுவார்கள், இரண்டு தடவை கையைச் சுழற்றுவார்கள், விசில். பூட்ஸ் முதல் பாதியில் ஒருவன் காலில், இரண்டாவது பாதியில் மாற்று ஆட்டக்காரன் காலில்.

இனி நீங்கள் சொல்லப்போகிற பதில்களுக்கு வருகிறேன். கமெண்டில் என்ன வரும் என்று தெரியும்.

"எங்க காலத்துல வெறுங்கால்ல கல்லுல ஆடினோம் சார், ஒண்ணும் ஆகல." ஒன்றும் ஆகாதவர்கள்தான் இதைச் சொல்கிறீர்கள். ஆனவர்கள் மைதானத்துப் பக்கமே வருவதில்லை. அதுபோக, நாம் பந்து மட்டுமா ஆடினோம்? குறுக்குத்துறையில் நீந்தினோம், வாய்க்கால் தாண்டினோம், கிளித்தட்டு ஆடினோம், பனைமரத்தில் ஏறி அடி வாங்கினோம். உடம்பில் எல்லாத் தசையும் வேலை செய்தது. இப்போதுள்ள பிள்ளை ஒன்பது மணி நேரம் பெஞ்சில் உட்கார்கிறது, அப்புறம் டியூஷன், மிச்ச நேரம் வருஷம் பூரா ஒரே விளையாட்டு, ஒரே அசைவு. சின்ன வயதில் ஒரே விளையாட்டில் முடங்குகிற பிள்ளைக்குத்தான் தேய்மானக் காயம் அதிகம். போதாததற்கு இப்போது வண்ணார்பேட்டையிலும் பாளையிலும் ராத்திரி டர்ஃப். காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஆடியவன் ராத்திரி பத்து மணிக்குக் கூட்டாளிகளோடு காசு பங்கு போட்டு மறுபடி ஆடுகிறான். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிற வளரிளம் ஆட்டக்காரருக்குக் காயம் 1.7 மடங்கு என்று ஒரு ஆய்வு உண்டு. தூக்கத்துக்கும் காசு இல்லை.

"செலக்‌ஷன் போனா சர்டிபிகேட் போச்சு சார்." இதுதான் உண்மையான பதில். மற்றதெல்லாம் சாக்கு. என்ஜினியரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு ஒதுக்கீடு, அரசு வேலையில் 3 சதவீதம். நல்ல திட்டங்கள், நான் எதிர்க்கவில்லை. ஆனால் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், பாரதியார் தினம், குடியரசு தினம், முதலமைச்சர் கோப்பை, நடுவில் கிளப் டோர்னமென்ட் என்று எல்லாவற்றுக்கும் அதே பதினைந்து பிள்ளைகளை அனுப்புகிறோம். ஒரு பிள்ளை வருஷத்தில் எத்தனை ஆட்டம் ஆடியது என்று யாரிடமாவது கணக்கு இருக்கிறதா? பார்சிலோனாவிடமாவது 73 என்று எண் இருக்கிறது. அப்புறம், அண்ணன் மகனே, இதைக் கேள்: நீ ஆசைப்படுகிற யூனிபார்ம் வேலைக்கு ஓட்டத் தேர்வு உண்டு. சர்டிபிகேட்டோடு போய் முட்டு இல்லாமல் நிற்க முடியாது. நின்றவனை எனக்குத் தெரியும்.

"ஆப்பரேஷன் பண்ணா சரியாயிரும்லா சார்." ஆகும், சிலருக்கு. கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக் கடற்கரையிலிருந்து இந்திய அணி வரை போன மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பர் 20-ம் தேதி ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டத்திலேயே கால் மணி நேரத்துக்குள் முழங்கால் அடிபட்டு வெளியே வந்தார். அந்த சீசன் முழுக்கப் போயிற்று. அவருக்காவது பெரிய கிளப், டாக்டர், பிசியோ எல்லாம் இருந்தது. நம் பிள்ளைக்கு யார்? அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதத்துக்கு முன்னால் மைதானத்தில் இறங்குகிற இளம் ஆட்டக்காரருக்கு மறுபடி அறுவதற்கான ஆபத்து ஏறத்தாழ 7 மடங்கு. நம்மூரில் ஆறாம் மாதமே "நடக்கிறான்ல, ஓடட்டும்" என்போம். அறுந்தவர்களில் பாதிப் பேருக்குப் பத்து இருபது வருஷத்தில் மூட்டுத் தேய்மானம் வருகிறது. 17 வயதில் அறுந்தால் 35 வயதில் தாத்தா முட்டு. இது என் சொந்த வார்த்தை, எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள்.

"அப்போ விளையாட்டே வேண்டாம்." மதினி, உங்களுக்குத்தான் இது. வீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிற பிள்ளைக்கு முட்டு கிழியாது, வாஸ்தவம். அவள் அந்தப் பந்தைப் பிடித்துக்கொண்டு தூங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள். பிரியா கடைசியாக வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், திரும்பி வருவேன் என்பதுதான் என்று செய்தியில் வந்தது. அந்தப் பிள்ளை விளையாட்டை நொந்துகொள்ளவில்லை.

என் மாணவர்களில் குறைந்தது பதினோரு பேர் இன்றைக்கு இந்தத் தென்மாவட்டங்களில் பி.டி. ஆசிரியர்கள். ஒரு டீமே இருக்கிறது. உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன் என்று எழுத வந்தேன், அடித்துவிட்டேன். வாத்தியாராகச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன்னாலும் வாரத்தில் இரண்டு நாள் பயிற்சியிலும் அந்த இருபது நிமிஷம். வீங்கின முட்டோடு வருகிற பிள்ளையிடம் "முடியுமா" என்று கேட்காதீர்கள், உட்கார வையுங்கள். 14 வயதுப் பிள்ளையை 17 வயது அணியில் ஆள் கணக்குக்காக இறக்காதீர்கள், டீம் வாக்ஓவர் கொடுத்தால் கொடுக்கட்டும். ஸ்பிரே டப்பாவைத் தொலைத்துவிடுங்கள். கணக்கு வாத்தியார் பீரியடு கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள். அவர் என் மாணவராக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

மாவட்ட அளவில் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒன்று. ஒரே நாளில் ஒரு பிள்ளைக்கு இரண்டு முழு ஆட்டம் வைக்காதீர்கள். வேன் வாடகை மிச்சம் என்கிறீர்கள். அந்த மிச்சத்தை லோடு ஆட்டோ ஓட்டுகிறவன் கிளட்ச் மிதித்து மிதித்துக் கட்டுகிறான்.

நான் நேற்று பாளை மார்க்கெட்டில் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். கோடு போட்டுவிட்டேன். ஆண்டு, ஆணா பெண்ணா, வயது, எந்த இடத்தில் அடி, எப்படிப் பட்டது, எத்தனை நாள் ஓய்வு, மறுபடி ஆடினாரா, பொறுப்பாசிரியர். பெயர் எழுத மாட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆடி அடிபட்டவர்கள், எந்த வருஷமாக இருந்தாலும், எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், அல்லது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் பண்ணுங்கள். நம்பர் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. ஐம்பது பேர் சேர்ந்ததும் பிரதி எடுத்து முதன்மைக் கல்வி அலுவலகத்திலும் விளையாட்டு அலுவலகத்திலும் நானே நேரில் கொடுப்பேன். ரிட்டயர்டு ஆளுக்கு வேறு என்ன வேலை?

முதல் வரியை எழுதிவிட்டேன்.

1995. ஆண். 16. இடது முழங்கால். குதித்து இறங்கும்போது, யாரும் தொடவில்லை. ஓய்வு நாற்பது நாள். மறுபடி ஆடவில்லை. பொறுப்பாசிரியர்: நான்.